மூன்று நெய்ப்பந்தங்கள்

அந்தப் பயணத்துக்கு நான் எழுதிய பட்டியலில் நாற்பத்தொரு பொருள்கள் இருந்தன. பால்பவுடர் எட்டு வேளைக்குத் தனித்தனிப் பொட்டலம். டயப்பர் இருபத்திரண்டு. பிள்ளைகளுக்கு மாற்றுத்துணி ஆளுக்கு மூன்று ஜோடி, எனக்கு ஒன்று. ஜுர மருந்து ஒரு பாட்டில், அதை அளந்து ஊற்றும் சிரிஞ்சு, தெர்மாமீட்டர். எல்லாவற்றுக்கும் எதிரே டிக் அடித்திருக்கிறேன். ஒன்பது வருடம் ஆகிறது. பட்டியல் எழுதிய அந்த நோட்டு வேங்கிக்காலில் இப்போது நாங்கள் குடியிருக்கும் வீட்டில், என் மேசை இழுப்பறையில் இருக்கிறது. அட்டை மட்டும் கழன்றுவிட்டது.

அப்போது நாங்கள் கனடாவில் இருந்தோம். மூத்தவனுக்கு ஐந்து வயது. அடுத்தது பெண், மூன்று வயது. கடைசிப் பையனுக்கு ஒன்பது மாதம். ஒரு வியாழக்கிழமை காலை, மூத்தவனுக்கு ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டிருந்தபோது அடி அண்ணாமலையிலிருந்து அண்ணன் கூப்பிட்டார். அங்கே சாயங்காலம்.

"பாப்பா, அம்மா பூட்டாங்கம்மா."

மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு வந்து உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டாராம். நான் என்ன கேட்டேன் என்று நினைவில்லை. அண்ணன் சொன்னதை மட்டும் ஸ்வெட்டரைக் கையில் பிடித்தபடியே ஒரு பழைய உறையின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

"ஐஸ் பொட்டி சொல்லிட்டேன். நீ வர்ற வரிக்கும் வெச்சிருக்கறோம். ஆனா ஞாயித்துக்கெழம சாயங்காலம் பௌர்ணமி பொறக்குது. மத்தியானத்துலேர்ந்தே ரோட்ட அடைக்க ஆரம்பிச்சிடுவாங்க. நாலு மணிக்குள்ள எடுத்துடணும். அதுக்கப்புறம் ரோடு நம்மளுது இல்ல."

எங்கள் வீடு கிரிவலப் பாதையிலேயே இருக்கிறது. மாதத்தில் ஒரு நாள் வாசலுக்கு வெளியே லட்சக்கணக்கான பேர் வெறுங்காலோடு நடந்துபோவார்கள். அன்றைக்குப் பால்காரர் வர முடியாது, மாட்டை வெளியே ஓட்ட முடியாது. சுடுகாடு பாதைக்கு அந்தப் பக்கம், ஏரியை ஒட்டி. பாடையைத் தூக்கிக்கொண்டு அந்தக் கூட்டத்தைக் கடக்க முடியாது. பௌர்ணமி முடியத் திங்கட்கிழமை ராத்திரி ஆகிவிடும். அதுவரை வைத்திருக்கப் பெரியவர்கள் சம்மதிக்கவில்லை.

கடைசியாக அண்ணன் தயங்கிக்கொண்டே இன்னொன்று சொன்னார். "பசங்கள இட்டுனு வரியாம்மா? நெய்ப்பந்தம் புடிக்கணும். மூணு செய்யச் சொல்லிட்டேன்."

குச்சியில் துணி சுற்றி நெய்யில் நனைத்துக் கொளுத்துவது நெய்ப்பந்தம். பேரப்பிள்ளைகள் அதைக் கையில் பிடித்துக்கொண்டு உடலைச் சுற்றி வருவார்கள். கைக்குழந்தையாக இருந்தால் யாராவது தூக்கிக்கொண்டு, அதன் கையைப் பந்தத்தில் வைத்துச் சுற்றுவார்கள். பந்தம் பிடிக்கப் பேரப்பிள்ளை இல்லாமல் போகிறவர்களைப் பற்றி எங்கள் பக்கம் பேசும்போது குரல் தாழ்ந்துவிடும். அண்ணனுக்குக் குழந்தை இல்லை. என்னுடைய மூன்றும்தான் அம்மாவுக்கு இருந்த பேரப்பிள்ளைகள். வீடியோவில் அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் அம்மா, "பந்தம் புடிக்க மூணு பேர் கீறாங்க, எனக்கு இன்னா கொற?" என்று சிரிப்பார். அண்ணி பக்கத்தில் இருக்கிறாரா என்று பார்த்துக்கொண்டுதான் சொல்வார்.

என் கணவரின் பாஸ்போர்ட் விசா புதுப்பிக்கப் போயிருந்தது. அவர் நாட்டை விட்டு வர முடியாது. அவர் சொன்னது நியாயம்தான். "கைக்குழந்தைய விட முடியாது, சரி. பெரியவனையும் கூட்டிட்டுப் போ. பாப்பாவ என்கிட்ட விட்டுடு. அவளுக்கு ரெண்டு நாளா மூக்கு ஒழுகுது."

"மூணு பந்தம் செஞ்சிட்டாங்க," என்றேன்.

"பந்தத்துக்காகவா?"

"எங்கம்மாவுக்காக."

அவர் எழுந்துபோய் மகளின் பாஸ்போர்ட்டையும் எடுத்துவந்து வைத்தார். பட்டியலில் மூக்குச் சொட்டு மருந்தைச் சேர்த்தேன். அதுதான் நாற்பத்தொன்றாவது பொருள்.

நேரக் கணக்கை ஒரு முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறேன். வளைகுடா வரை பதின்மூன்று மணி நேரம். அங்கே ஒன்பது மணி நேரம் காத்திருக்க வேண்டும். பிறகு சென்னைக்கு நாலே முக்கால் மணி நேரம். ஞாயிறு காலை எட்டேகாலுக்கு இறங்கினால், வெளியே வர ஒன்றரை மணி நேரம், காரில் நாலரை மணி நேரம். வீட்டு வாசலில் இரண்டேகால் மணி. கையில் ஒன்றே முக்கால் மணி நேரம் மிச்சம். அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். கைக்கடிகாரத்தை ஊர் நேரத்துக்கு மாற்றிவிட்டுத்தான் வீட்டைப் பூட்டினேன்.

முதல் விமானத்தைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மூன்று குழந்தைகளோடு ஒற்றை ஆளாகப் பறந்தவர்களுக்குத் தெரியும், அந்தப் பதின்மூன்று மணி நேரமும் கழிவறைக் கணக்குத்தான். ஒருத்தியைக் கழிவறைக்குக் கூட்டிப்போக வேண்டுமென்றால் மூன்று பேரையும் கூட்டிப்போக வேண்டும். உள்ளே நாலு பேர் நிற்க முடியாது. மூத்தவனைக் கதவுக்கு வெளியே நிறுத்தி, "பாடிக்கிட்டே இரு, சத்தம் நின்னா அம்மா பயந்துடுவேன்" என்று சொல்லியிருந்தேன். அவனும் நிறுத்தாமல் பாடினான். எங்களுக்கு முன் வரிசையில் ஒரு சென்னைக்காரர். இரண்டாவது முறை திரும்பிப் பார்த்தார்.

"மூணும் உங்களுதாம்மா?"

"ஆமாங்க."

"வீட்டுக்காரர் வரலியா?"

"இல்லிங்க."

"பெரிய மனசுதான் அவருக்கு. எங்களுக்குக் குடுத்து அனுப்பிட்டாரு," என்று சொல்லிப் போர்வையைத் தலை வரைக்கும் இழுத்துக்கொண்டார். அரைமணி கழித்து அதே ஆள் கைக்குழந்தையை வாங்கித் தோளில் போட்டு இருபது நிமிடம் நடந்தார். அந்த இருபது நிமிடத்தில்தான் நான் சாப்பிட்டேன். அம்மா செத்துப்போனதை அவரிடம் சொல்லவில்லை. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் அழுதுவிடுவேன், அழுதால் மூன்று பேரும் சேர்ந்து அழுவார்கள்.

வளைகுடா விமான நிலையத்தில் மூன்றாவது மணி நேரத்தில் மகள் தரையில் படுத்துக்கொண்டாள். கழுத்தைத் தொட்டேன், கொதித்தது. தெர்மாமீட்டர் வைத்தேன். 101.2. மருந்து கொடுத்தேன், நேரம் எழுதினேன். இறங்கியது. நாலு மணி நேரம் கழித்து 102.8.

நோட்டில் இந்த இடத்தை நான் பலமுறை படித்திருக்கிறேன். என் கையெழுத்து கொஞ்சமும் கோணவில்லை. விமானம் ஏற ஒன்றரை மணி நேரம் இருந்தது. அந்த நிலையத்தில் டாக்டர் உண்டு. அம்புக்குறி போட்ட பலகை என் தலைக்கு மேலேயே தொங்கியது. அங்கே போனால் பார்ப்பார்கள். பார்த்தால், இந்தக் குழந்தை இந்த விமானத்தில் போகக்கூடாது என்று சொல்லலாம். அடுத்த விமானம் பன்னிரண்டு மணி நேரம் கழித்து. நாலு மணியைத் தாண்டிவிடும்.

மருந்து வேலை செய்ய நாற்பது நிமிடம் ஆகும். அதனால் அடுத்த வேளை மருந்தை உடனே கொடுக்காமல், விமானம் ஏறும் வாசலில் டிக்கெட் பார்க்கும் நேரத்துக்கு முன்னால் சரியாக நாற்பது நிமிடம் கணக்கிட்டுக் கொடுத்தேன். குழந்தைக்கு எப்போது தேவை என்று பார்க்கவில்லை. இன்னொருவர் கை அவள் நெற்றியில் எப்போது படும் என்று பார்த்தேன். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்து, தலைசீவி, குல்லா போட்டேன்.

வாசலில் நின்ற பெண் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, உடம்புக்கு என்ன என்று கேட்டாள். தூக்கக் கலக்கம் என்றேன். அவள் மூத்தவனைப் பார்த்துச் சிரித்து எங்களை முதலில் அனுப்பினாள். சிறு குழந்தைகள் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சலுகை உண்டு.

ஊர் நேரம் 6.35-க்கு மகளுக்கு வலிப்பு இழுக்க ஆரம்பித்தது.

முதலில் கை. பிறகு தாடை. கண் மேலே செருகிக்கொண்டது. நான் கைக்குழந்தையை மடியிலிருந்து இறக்கி மூத்தவன் மேல் போட்டேன். வைத்தேன் என்று சொல்ல முடியாது. அவளைப் பக்கவாட்டில் திருப்பிப் பிடித்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இரண்டு வரிசை தள்ளி இருந்த ஒரு நர்சம்மா ஓடி வந்து, அவள் வாயில் எதையும் வைக்காதே என்று பணிப்பெண்ணைத் தடுத்தார். வேலூர்க்காரர் என்று பேச்சிலேயே தெரிந்தது.

"எப்பத்துலேர்ந்துமா ஜுரம்?"

"இப்பதாங்க," என்றேன்.

அவர் என்னை ஒரு நொடி பார்த்தார். குழந்தையின் சட்டைக் கழுத்தில் காய்ந்திருந்த மருந்துக் கறையையும் பார்த்தார். 6.39-க்கு இழுப்பு நின்றது. நாலு நிமிடம். மூத்தவன் தம்பியை இரண்டு கையாலும் இடுக்கிக்கொண்டு, யாரும் சொல்லாமலே பாட ஆரம்பித்திருந்தான். அதே பாட்டு. சத்தம் நின்றால் நான் பயந்துவிடுவேன் என்று அவனுக்குச் சொல்லியிருந்தேன் அல்லவா.

சென்னையில் இறங்கியதும் வாசலிலேயே ஆம்புலன்ஸ் நின்றது. பக்கத்திலிருந்த ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். அண்ணன் அனுப்பியிருந்த கார் எங்கள் பின்னாலேயே வந்தது. சின்ன வயது டாக்டரம்மா ஒருவர். அவரும் அதே கேள்வியைக் கேட்டார். மூன்றாவது முறை பொய் சொல்ல எனக்குத் தெம்பில்லை. நோட்டைக் கொடுத்தேன்.

அவர் ஒரு பக்கம் படித்தார். "இவ்ளோ கரெக்டா எழுதியிருக்கீங்களேம்மா," என்றார். பிறகு பக்கத்தைத் திருப்பினார். கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

"அப்போ தெரிஞ்சேதான் ஏத்தியிருக்கீங்க."

திட்டியிருந்தால் பதில் சொல்லியிருப்பேன். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு நோட்டை மூடி என் கையில் கொடுத்து, "மருந்த முன்னாடியே குடுத்திருந்தாலும் ஃபிட்ஸ் வந்திருக்கலாம். அத மனசுல போட்டுக்காதீங்க. ஆனா இருபத்திநாலு மணி நேரம் இங்கதான் இருக்கணும்," என்றார். அவர் பேசி முடிப்பதற்குள் அவளுக்கு இரண்டாவது முறை வந்தது. 10.20. இரண்டு நிமிடம். ஊசி போட்டு உள்ளே கொண்டுபோனார்கள்.

கார் டிரைவர் வராந்தாவில் நின்றார். ஊர்க்காரர்தான். அண்ணனோடு போனில் பேசிவிட்டு என்னிடம் வந்தார்.

"அக்கா, நேரா சொல்றேன். நீங்க பாப்பாவோட இருங்க. பெரியவன நான் இட்டுனு போயிடறேன். இப்ப கெளம்புனா மூணேகாலுக்குள்ள போயிடலாம். பந்தம் புடிக்க ஒருத்தனாவது இருக்கட்டும்."

மணி 10.45. சேர்ந்துவிடலாம். மூத்தவனுக்கு அந்த வேலைக்கென்று எடுத்துவைத்திருந்த வெள்ளைச் சட்டையைப் பையிலிருந்து எடுத்து மாட்டினேன். ஷூ லேஸ் கட்டினேன். அவன் எதிர்ப்புக் காட்டவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. இரண்டு நாளாக நான் சொன்னதையெல்லாம் செய்து பழகிவிட்டான். கார்வரை போனோம். கதவு திறந்திருந்தது.

"இந்த மாமா பேர் என்னம்மா?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. வண்டி நம்பரை எழுதிவைத்திருந்தேன், போன் நம்பர் எழுதிவைத்திருந்தேன். பேர் கேட்கவில்லை. கேட்டால் சொல்லியிருப்பார், நல்ல மனுஷன். ஆனால் நான் கேட்கவில்லை. பையனின் கையைப் பிடித்துத் திரும்பக் கூட்டிவந்து பெஞ்சில் உட்காரவைத்தேன்.

"இன்னாக்கா?"

"வேணாம்பா. யாரும் வரல."

அவர் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். பிறகு போய் மூத்தவனுக்கு இட்லி வாங்கி வந்தார்.

அண்ணன் மூன்று முறை கூப்பிட்டார். முதலில் கெஞ்சினார். இரண்டாவது முறை கோபம். "அங்க டாக்டர் கீறாங்க, நர்சு கீறாங்க. அம்மா ஒருவாட்டிதான் போவாங்க. மூணு நாளா உனக்காகத்தான் வெச்சினு கீறோம்." அவர் பக்கத்தில் பறை அடிக்கும் சத்தம் கேட்டது. அதற்கு மேலே, ஒலிபெருக்கியில் பக்தர்களை ஓரமாக நடக்கச் சொல்லும் அறிவிப்பும் கேட்டது.

மூன்றாவது முறை கூப்பிட்டபோது அவர் குரல் இறங்கியிருந்தது. "பாப்பா, வீடியோல வா. மூஞ்சியாவது பாத்துக்கோ."

மணி 3.50. வராந்தாவில் உட்கார்ந்திருந்தேன். மடியில் கைக்குழந்தை தூங்கினான். மூத்தவன் என் தோளில் சாய்ந்திருந்தான். மகளைப் பார்க்க ஐந்து நிமிடம் முன்புதான் உள்ளே விட்டிருந்தார்கள்.

பௌர்ணமி அன்று எங்கள் ஊரில் போன் எடுக்காது. அத்தனை லட்சம் பேரும் ஆளுக்கொரு போனோடு வந்திருப்பார்கள். ஊரில் வளர்ந்த எனக்கு இது தெரியும். நாற்பத்தொரு பொருள் எழுதிய பட்டியலில் இதற்கு ஒரு வரி கிடையாது.

படம் வந்தது. அண்ணனின் தோள் தெரிந்தது. வாசல் பந்தல். ஐஸ் பெட்டி. அண்ணன் போனைக் குனித்துக் காட்டினார். கண்ணாடி மேல் ட்யூப் லைட் வெளிச்சம் கோடாக விழுந்திருந்தது. கொஞ்சம் சாய்த்தால் முகம் தெரியும். "இன்னும் கொஞ்சம் கீழண்ணா," என்றேன். அப்படியே நின்றுவிட்டது.

நான் கடைசியாகப் பார்த்தது அந்த வெளிச்சக் கோடும், அதன் ஓரத்தில் அம்மாவின் தலைமாட்டில் அடுக்கி வைத்திருந்த மூன்று குச்சிகளும்தான். துணி சுற்றியிருந்தது. ஒன்று மற்ற இரண்டை விடக் குட்டை. கைக்குழந்தைக்காக அளவு பார்த்துச் செய்திருக்கிறார்கள்.

படம் அசையவே இல்லை. குரல் மட்டும் துண்டு துண்டாக வந்தது. "பாப்பா... தெரியுதா... எடுத்து... லாமா?"

"எடுத்துடுங்கண்ணா," என்றேன். பதில் இல்லை. இன்னொரு முறை சத்தமாகச் சொன்னேன். வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மூன்றாவது முறை சொல்லும்போது லைன் அறுந்திருந்தது.

அண்ணனுக்கு அது கேட்கவில்லை என்று பிறகு தெரிந்தது. நான் ஏதாவது சொல்வேன் என்று 4.25 வரை போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். அதற்குள் கூட்டம் சேர்ந்துவிட்டது. பாடையை வாசலிலேயே முக்கால் மணி நேரம் தோளில் வைத்துக்கொண்டு நின்றார்களாம். கடைசியில் போலீஸ்காரர் ஒருவர் கயிறு கட்டிக் கூட்டத்தை நிறுத்தி வழி விட்டிருக்கிறார்.

புதன்கிழமைதான் ஊருக்குப் போனோம். பௌர்ணமிக்குப் பௌர்ணமி அம்மா வாசலில் தண்ணீர் நிரப்பி வைக்கும் நீல டிரம் கவிழ்ந்து கிடந்தது. சாவு வீட்டுத் தண்ணீரை யாரும் குடிக்கமாட்டார்கள். அண்ணி மகளை வாங்கித் தூக்கிக்கொண்டார். அவள் கையில் ஊசி போட்ட இடத்தைத் தடவிப் பார்த்தார்.

"பந்தம் யார் புடிச்சாங்க?" என்று கேட்டேன்.

"பக்கத்து வீட்டுப் பசங்கள கூப்புடலாம்னாங்க. உங்கண்ணன் ஒத்துக்கல. கொளுத்தாமலே மூணையும் அத்தைக்குப் பக்கத்துல வெச்சி அனுப்பிட்டாரு," என்றார் அண்ணி.

அண்ணன் அன்று என்னோடு சரியாகப் பேசவில்லை. அடுத்த நாள் காலை அவராகவே வந்து மகளுக்கு இளநீர் வெட்டிக் கொடுத்தார். அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் இதுவரை எடுத்ததில்லை.

மகளுக்கு இப்போது பன்னிரண்டு வயது. இழுப்பு நிற்கவில்லை. காலையும் மாலையும் மாத்திரை. நேரத்தை நான்தான் குறித்துவைக்கிறேன். அன்றைய ஜுரத்தால்தான் இப்படி என்று எந்த டாக்டரும் சொன்னதில்லை. அதனால் இல்லை என்றும் யாரும் சொன்னதில்லை.

போன மாதம் அவள் ஸ்டாப்ளர் தேடப் போய் இழுப்பறையிலிருந்து அந்த நோட்டை எடுத்துவிட்டாள். நான் சமையலறையிலிருந்து வரும்போது தரையில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள். கணக்கில் கெட்டி. எண்களை விரலால் தொட்டுத் தொட்டுப் படிப்பாள்.

"6.35, 6.39. எனக்கு இழுத்தப்போ நீ வாட்ச் பாத்துட்டு இருந்தியா?"

"ஆமா."

"என்னப் பாக்கலியா?"

"ரெண்டையும் பாத்தேன்."

அவள் பக்கத்தைத் திருப்பினாள். விமானம் ஏறும் முன் எழுதிய பக்கத்தை ஏற்கெனவே படித்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கடைசி வரியில் விரல் வைத்தாள். 4.05 என்று எழுதி, அதே வரியில் இரண்டு விஷயம் குறித்திருந்தேன். எடுத்துவிடச் சொன்னேன் என்பது ஒன்று. அவளுக்கு 100.2 என்பது இன்னொன்று.

"ரெண்டுக்கும் ஒரே டைம் போட்டிருக்க. எது மொதல்ல நடந்துச்சு?"

"உள்ள வந்து உன் ஜுரத்த பாத்தேன். இறங்கியிருந்துச்சு. அப்புறம்தான் போன்ல எடுக்கச் சொன்னேன்," என்றேன்.

அவள் தலையாட்டிவிட்டு நோட்டை இருந்த இடத்திலேயே வைத்தாள். நான் சொன்னது உண்மையா என்று எனக்கும் தெரியாது. ஒரே வரியில் எழுதியிருப்பதால் அதைச் சரிபார்க்க வழியில்லை. மணி ஆறாகியிருந்தது. மாத்திரையை எடுத்துக் கொடுத்தேன், நேரம் குறித்தேன்.